குறுவாளுக்கு வந்த தீட்டு

குருக்களின் மோதிர விரலில் சந்தனம் இருந்தது.

எங்கள் வட்டாரக் காவல் நிலையத்தின் கூடம். ஆயுத பூஜை காலை. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சிவப்புத் துணி விரித்து, நிலையத்தின் ஆயுதங்களையெல்லாம் அடுக்கியிருந்தார்கள். துப்பாக்கிகள், லத்திகள், கைவிலங்குகள், வாக்கி டாக்கிகள். கூடவே கணினியின் விசைப்பலகை, ஸ்டேப்ளர், காகிதத்தில் ஓட்டை போடும் கருவி. இவற்றில் எதனால் மக்கள் அதிகம் துன்புறுகிறார்கள் என்பது விவாதத்துக்குரியது.

எல்லாவற்றுக்கும் நடுவில், உறையிலிருந்து உருவப்பட்டு, வாழையிலை மேல் பளபளத்துக் கிடந்தது என்னுடைய ஜப்பானியக் குறுவாள்.

குருக்கள் இடக்கோடியிலிருந்து தொடங்கியிருந்தார். சந்தனம் ஒரு தொடல், அதன் மேல் குங்குமம் ஒரு தொடல், அடுத்தது. கைதேர்ந்த வேகம். வாளுக்கும் அவருக்கும் இடையில் சில துப்பாக்கிகள்தான் மிச்சம்.

சந்தனம் என்பது ஈரம். குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகத் துரு அண்டாமல் காப்பாற்றப்பட்ட எஃகின் மேல் அவை பண்டிகை முடியும்வரை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டுமே தெரியும். பொட்டு அழிந்துவிடும். பொட்டு வைத்த இடம் அழியாது.

என் வாள் அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்பீர்கள். சட்டப்படி.

ஒன்பது அங்குலம்

சில வாரங்களாக இந்தப் பத்தியில் துறைமுகக் கதைகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சலித்துப்போன ஒரு வாசகர், "ஓய்வுக்குப் பிறகு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மனைவி வசந்தாவும் அதையே கேட்கிறாள், கொஞ்சம் வேறு தொனியில்.

சுங்கத் துறையில் மதிப்பீட்டாளராக இருந்தவனுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது அழகா, அசிங்கமா என்று தோன்றாது. அட்டவணையில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்றுதான் தோன்றும். அந்த வியாதி ஒரே ஒரு நாள் எனக்கு விட்டுப்போயிற்று. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கப்பல் அதிகாரியின் பெட்டியைச் சோதித்தபோது, பட்டுப் பையிலிருந்து ஒரு குறுவாள் வெளியே வந்தது. கூர்விளிம்பை ஒட்டி, மார்கழி மாதத்துப் பனி வயல்மேல் நிற்குமே, அப்படி ஒரு வெண்கோடு எஃகுக்குள்ளேயே ஓடியது. வரைந்ததல்ல, பொறித்ததல்ல. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் அமிழ்த்திய அந்த ஒரு கணம், அப்படியே உறைந்து நின்றிருக்கிறது.

"என்னய்யா, வாள்னு போடறதா, பழம்பொருள்னு போடறதா?" என்று என் மேலதிகாரி கேட்டார். வாழ்க்கையில் எனக்கு வகைப்பாடு தெரியாமல்போன முதல் தடவை அது. அந்த வாள் வந்த கப்பலிலேயே திரும்பிப் போயிற்று. என் மனத்திலிருந்து மட்டும் அது போகவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, அதே பனிக்கோடு ஓடும் ஜப்பானிய வாள்கள் மூன்று வாங்கினேன். ஜப்பான் அரசின் ஏற்றுமதிச் சான்று, நம் அரசின் இறக்குமதி ஆவணம், காப்பீடு, தீர்வை ரசீது எல்லாம் பக்காவாக. இரண்டு கைக்கத்தி அளவு. மூன்றாவதுதான் வாக்கிசாஷி எனப்படும் குறுவாள், கிட்டத்தட்ட என் முழங்கை நீளம்.

இங்கேதான் ஒன்பது அங்குலம் வருகிறது. அலகு ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் ஆயுத உரிமம் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது விதி. பழம்பொருளுக்கு அது பொருந்துமா, எங்கள் வட்டாரத்துக்குப் பொருந்துமா என்றெல்லாம் வாதாட இடமுண்டு. வாதாடுகிறவன் வக்கீல். நான் விண்ணப்பித்து உரிமம் வாங்கினேன்.

இந்த நாட்டில் எங்களைப் போன்ற பைத்தியங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கோவையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "லைசென்ஸ் வாங்கினீங்களாமே? ஏன் சார், உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

வாசலில் வைக்காத வாள்

ஜப்பானில் அந்தக் காலத்து வீரர்கள் இடுப்பில் இரண்டு வாள் செருகுவார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் நெடுவாளை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். குறுவாள் மட்டும் இடுப்போடு இருக்கும். யாருடைய வாசலிலும் ஒப்படைக்கத் தேவையில்லாத வாள் என்பதுதான் அதன் பெருமை.

அந்தப் பெருமையை எங்கள் இரும்புலியூரில் வைத்து முடித்துவைத்தவன் நான்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாத ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியதில்லை. அவற்றுக்குத் தேர்தல் வேலை இருக்கும்.

ஆயுத அறைக்குப் பொறுப்பான தலைமைக் காவலர் செல்வி, கிழக்குக் கடற்கரையோரக் குப்பத்திலிருந்து வந்தவர். அம்மா இன்னமும் மீன் விற்கிறார் என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார். பட்டுப் பையைப் பார்த்ததும் நாதஸ்வரம் என்று நினைத்திருக்கிறார்.

"இன்னா சார் இது, வூட்டுக் கத்தியா?"

"வாள்மா. ஜப்பான் வாள்."

"ஜப்பான்ல இம்மாந்தான் செய்வாங்களா?"

"இது குட்டை. நெட்டையும் உண்டு."

"அப்ப நெட்டை எங்க கீது? அதையும் கொண்டாந்து வெச்சுடுங்க சார். அப்பால பேஜாராப் பூடும்."

நெட்டை என்னிடம் இல்லை என்று நம்பவைக்கச் சிறிது நேரமாயிற்று. பிறகு நான் வகுப்பெடுத்தேன். அலகை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் வியர்வையும் உப்பும் எஃகைத் தின்றுவிடும். உறையிலிருந்து உருவக் கூடாது. உருவினாலும் அதன் எதிரில் வாயைத் திறந்து பேசக் கூடாது. ஒரு துளி எச்சில் போதும்.

"பேசக் கூடாதா? ஸ்டேஷன்லயா?" என்றார் செல்வி. அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். வாயைத் திறந்துதான்.

மழைக்கு முந்தைய வாரங்கள்

அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

ஆயுத அறை நிலையத்தின் பின்பக்கம். வடக்குச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்திருந்ததை ஒப்படைத்த அன்றே பார்த்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரம். முடிச்சூர் பக்கம் கருக்கலாக இருந்தாலே எங்கள் பகுதியில் எல்லோரும் கார்களை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நான் மட்டும் குறுவாளைப் பற்றிக் கவலைப்பட்டேன். எண்ணெய்ப் பூச்சு காற்றில் காய்ந்துபோகும். புதுப்பிக்க வேண்டும். கிராம்பு எண்ணெய், மெல்லிய காகிதம், ஐந்து நிமிட வேலை.

காலை நடைக்கென்று கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பேன். கால்கள் தானாகவே காவல் நிலையத்தில் போய் நிற்கும். ஆய்வாளர் நடுவயது, மரியாதையான மனிதர். ஒருமுறை எண்ணெய் தடவிவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன்.

"சார், நீங்களே கஸ்டம்ஸ்காரரு. உங்க குடோன்ல வெச்ச சரக்கை ஓனர் வந்து, ஒரு தடவை தொடச்சுட்டுப் போறேன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். ஒருமுறை ஒரு வியாபாரி, கிடங்கிலிருந்த தன் பியானோவுக்குப் பூச்சிமருந்து அடிக்க அனுமதி கேட்டபோது, எந்த விதியில் இடமிருக்கிறது என்று அவரையே தேடிக் கொண்டுவரச் சொன்னவன் நான். அவர் தேடிக்கொண்டிருந்தபோது பூச்சிகளும் தங்கள் வேலையைப் பார்த்தன.

ஆய்வாளர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். தவறாகச் சொல்லியிருந்தால் மனு எழுதியிருப்பேன்.

வீட்டில் வசந்தா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். வானிலை அறிக்கைக்காக நான் தொலைக்காட்சிச் சேனல்களை மாற்றி மாற்றி ஓடவிட்ட ஒரு மாலையில் வாய் திறந்தாள்.

"பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தப்பகூட நீங்க இப்படித் தவிக்கலையே?"

"பொண்ணு துருப்பிடிக்க மாட்டா."

"ஆமா. அவ ஒங்களை மாதிரி. தொட்டா நமக்குத்தான் வெட்டும்."

செல்வியிடம் மட்டும் அவ்வப்போது விசாரிப்பேன். "பத்திரமா கீது சார், தூங்கினு கீது" என்பார். பூஜைக்கு முந்தைய மாலை அவரே அழைத்தார். குரலில் உற்சாகம்.

"சார், நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல பூஜை. உங்க கத்தியத்தான் நட்ட நடுவுல வெக்கப் போறோம். இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு. கண்டிப்பா வந்துடுங்க சார்!"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. வாழைக்கன்று கட்டப் போயிருந்தாராம்.

துப்பாக்கிகள் தீர்ந்தன

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வாள் ஏற்கெனவே உருவப்பட்டிருந்தது.

"உறையோட வெச்சுடலாமே?" என்று ஆய்வாளரிடம் சொன்னேன்.

"உறைக்கா சார் பூஜை?"

செல்வியும் சேர்ந்துகொண்டார். "எங்க ஊர்ல வலைய மூட்டை கட்டியா பூஜைக்கு வெப்பாங்க? பிரிச்சுத்தான் சார் வெப்பாங்க. சாமிக்குத் தெரிய வேணாவா?"

கைப்பிடியில் பொட்டு வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பட்டுக் கயிற்றுக்கு அடியில் கைப்பிடியைச் சுற்றியிருப்பது திருக்கை மீனின் தோல். அது வெள்ளையாக, மணி மணியாக வெளியே தெரியும். குருக்கள் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்தப் பக்கமே விரல் வைக்க மாட்டார். பிறகு அலகுதான்.

தேர்தல் விதிகள், ஆயுத விதிகள், பழம்பொருள் சட்டம் எல்லாவற்றையும் மனத்துக்குள் புரட்டினேன். அரசுப் பாதுகாப்பில் உள்ள தனியார் ஆயுதத்துக்குச் சந்தனம் வைக்கலாகாது என்று எந்த விதியும் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை. கூடத்தில் ஊதுபத்திப் புகை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குருக்கள் கடைசித் துப்பாக்கியைத் தொட்டார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். வாளின் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல தீட்டு," என்றேன்.

அந்த விரல் அந்தரத்தில் நின்றது. எந்த நீதிமன்றத்தின் தடை உத்தரவும் அவ்வளவு விரைவில் அமலுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"என்ன தீட்டு?" என்றார் குருக்கள்.

"பங்காளி ஒருத்தர். முடிச்சூர்ல. முந்தாநாள்." வாயில் வந்தது. முடிச்சூரில் எனக்குப் பங்காளி யாரும் இல்லை. இருந்திருந்தால் சொல்லத் தயங்கியிருப்பேன்.

"தீட்டுக்காரர் வாள், அதுக்குப் பூஜை கிடையாது," என்று கையை இழுத்துக்கொண்டார் குருக்கள். எனக்கு மூச்சு வந்தது. முழுதாக உள்ளே போவதற்குள் அவர் தொடர்ந்தார்: "அது சரி. நீங்க எப்படி உள்ள வந்து நிக்கறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆய்வாளரின் முகத்தில் இதுவரை நான் பார்த்திராத ஆய்வாளர் தெரிந்தார்.

நடைமுறைகள் எல்லாம் தெரிந்தவன் என்று பெயரெடுத்த எனக்கு, இந்த நடைமுறையின் அடுத்த படி மறந்துபோயிருந்தது. தீட்டுள்ளவன் பூஜை இடத்தில் நின்றால் தீட்டு அவனோடு போகாது. இடத்துக்கு ஒட்டும். மேசைக்கு, துப்பாக்கிக்கு, ஜீப்புக்கு எல்லாம் ஒட்டும். அதற்குப் பரிகாரம் உண்டு.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்கோ. மஞ்சள் போடுங்கோ. மாவிலை வேணும்," என்றார் குருக்கள். "எல்லாத்துக்கும் தெளிச்சுட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்கணும். முதல்ல அந்த வாளுக்கு."

"ஐயோ, வேணாம்!" என்றேன்.

"சார், நீங்க மொதல்ல வெளியே வாங்க," என்று ஒரு காவலர் என் முழங்கையைப் பிடித்தார்.

ஒரு பொட்டைத் தடுக்கப் போய் மழையையே வரவழைத்துவிட்டு நான் வாசலுக்கு வந்து நின்றேன். சன்னல் கம்பிகளுக்கு நடுவே, மாவிலைக் கொத்து சொம்பில் இறங்குவதும், உதறப்படுவதும் தெரிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. தாராளமான மனிதர்.

முற்றத்தில் வழக்குகளில் பிடித்த மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பலவற்றில் கொடி படர்ந்திருந்தது. பெட்ரோல் டாங்குகள் உதிர்ந்து, உள்ளே குருவி கூடு கட்டலாம் போல ஓட்டை. இரும்பை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நான் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உள்ளே போகவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை.

மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது செல்வி வேகமாக வெளியே வந்தார்.

"சார், போங்க சார். தொடச்சு உறையில போட்டுட்டேன்."

"எதால தொடச்சே?"

"சுத்தமான துணிதான் சார்."

"கையால தொட்டியா?"

"கூப்புட்றாங்க சார்," என்று உள்ளே ஓடிவிட்டார். இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றே ஒன்றுதான்.

நல்ல நிலையில்

முடிவுகள் வந்து, வெடி வெடித்து, தோற்றவர்கள் மறுஎண்ணிக்கை கேட்டு முடிந்த பிறகு ஆயுதங்களைத் திரும்பப் பெற அழைப்பு வந்தது. அதற்குள் நல்ல மழை இரண்டு பெய்திருந்தது. எண்ணெய், காகிதம், உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆயுத அறைக்குப் போகும் நடையில் செல்வி முன்னால் நடந்தார். சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், பங்காளி வூட்ல காரியம்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அன்னிக்கு மொகத்த மழமழன்னு ஷேவ் பண்ணிகினு வந்தீங்க. சாவு வூட்டு ஆளு யாராச்சும் அப்டி வருவாங்களா சார்? குருக்கள் பாத்துடப் போறாரேன்னு எனக்குப் பக்கு பக்குனு ஆயிடிச்சு."

நான் பொரிந்த சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தேன்.

"கத்திக்கோசரம் சொல்றீங்கன்னு அப்பவே புரிஞ்சிடிச்சு. இவ்ளோ பெரிய மனுசன், பொய்யி சொல்ற அளவுக்குத் துடிக்கிறாரேன்னுதான், அவரு தண்ணி தெளிச்ச ஒடனே ஓடிப்போய் எடுத்தேன்."

கூடத்துக்கு வந்து, சன்னலோரம் வாளை உருவினேன். அப்போதுதான் தெரிந்தது, அறையே பேச்சை நிறுத்தியிருந்தது. முதன்முறையாக அந்த நிலையத்தில் என் வாளுக்கு எதிரில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர்ப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பனிக்கோடு அப்படியே ஓடியது. கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வந்தேன். அலகும் கைப்பிடியும் சேரும் இடத்திலிருக்கும் காவல் தட்டுக்குச் சற்று மேலே நின்றது கை.

ஒரு கட்டைவிரல் ரேகை. சாம்பல் நிறத்தில், சுழி சுழியாக, ஒரு வரிகூட விட்டுப்போகாமல் எஃகுக்குள் இறங்கியிருந்தது. துணியால் துடைக்கும்போது அழுத்திப் பிடித்த இடம். ஊரார் கைரேகையை எல்லாம் எடுத்துவைத்துக்கொள்ளும் காவல்துறை, தன்னுடையதை என்னிடம் கொடுத்துவிட்டிருந்தது. இதைப் போக்கத் தெரிந்தவர்கள் ஜப்பானில்தான் இருக்கிறார்கள். நூறாண்டு கடந்த பொருளை இங்கிருந்து வெளியே அனுப்புவதற்கான நடைமுறை எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அது நடக்காது என்றும் தெரியும்.

"எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று ஆய்வாளர் தன் இருக்கையிலிருந்து கேட்டார். "ஏதாவது டேமேஜ் இருந்தா ரசீதுல, கீழே குறிப்புல எழுதிக் குடுங்க. யாரு பொறுப்புன்னு பாத்துடலாம்."

எழுதத்தான் நினைத்தேன். பணிக்காலம் முழுவதும் அந்தக் குறிப்புப் பகுதியை நான் வெறுமையாக விட்டதில்லை. ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலும் எழுதுவேன். பேனாவைத் திறந்தேன். வாக்கியம்கூட மனத்தில் தயாராகிவிட்டது: அலகின் கீழ்ப்பகுதியில், காவலில் இருந்த காலத்தில்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்ட செல்வி இடது கையை நீட்டினார். சுட்டுவிரலின் குறுக்கே, முதல் கணுவில் ஒரு தழும்பு. ஆழமாக வெட்டித் தைத்தது. தையல் பிரித்த புள்ளிகள் இன்னும் சிவப்பாக இருந்தன. விரல் முழுதாக நிமிரவில்லை.

"இது என்ன?"

"அன்னிக்குத்தான் சார். தண்ணி காயறதுக்குள்ள தொடைக்கணும்னு அவசரம். இன்னா கூர்மை சார் அது, வெட்டுனதே தெரியல. துணி செவந்தப்புறம்தான் தெரிஞ்சுது. வேற துணி எடுத்துத் திரும்பத் தொடச்சேன்."

விரலால் வாளுக்கு என்ன ஆகும் என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தவன் நான். வாளால் விரலுக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆய்வாளர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கண் என் முகத்தில் இருந்தது.

"கத்திக்கு ஒண்ணும் ஆவலையே சார்?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்று சொல்லி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.